உறைமேல் எழுதிய பெயர்

கொலம்பைன் விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிற தமிழருக்குக் கருஞ்சீரகத்தின் நினைவு வந்தால் அதில் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். கருஞ்சீரகம் மங்கிய கறுப்பு, மூலைகள் உள்ளது; கொலம்பைன் விதை வழவழப்பானது, பளபளக்கும், நீளம் இரண்டு மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும். அந்தக் குடும்பத்திலிருந்து நம் சமையலறைக்குள் வந்து சேர்ந்தது கருஞ்சீரகம். மற்ற உறவுக்காரர்களில் பலர் நஞ்சுக்காரர்கள். சித்த வைத்தியர் சுத்தி செய்த பிறகே கைவைக்கிற நாவியும் அந்தக் குடும்பம்தான். கொலம்பைன் விதையும் வாயில் போடும் பொருள் இல்லை. வட அமெரிக்கச் சமவெளியின் ஒமாஹா, பொன்கா மக்கள் இதை நசுக்கி வாசனைக்காகப் பயன்படுத்தினார்கள் என்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களிடையே செடிகளைப் பற்றிக் கேட்டெழுதிய மெல்வின் கில்மோர் பதிவுசெய்திருக்கிறார். காதல் வசியத்துக்கும் இது உதவியதாம்.

நான் வளர்ப்பது பெரும்பாலும் கனடாவின் சொந்தக் கொலம்பைனை. ஒன்ராறியோவில் நயாகரா மலைமுகட்டின் சுண்ணாம்புப் பாறைகளை ஒட்டி நடக்கிறவர்கள் மே மாதத்தின் பிற்பாதியில் இதைப் பார்த்திருக்கலாம். பாறை வெடிப்பில் ஒரு பிடி மண், அதில் முழங்கால் உயரச் செடி, நுனியில் தலைகீழாகத் தொங்கும் சிவப்புப் பூ, உள்ளே மஞ்சள். ஐந்து அல்லி இதழ்களும் பின்பக்கமாக நீண்டு ஐந்து குழாய்களாகின்றன. ஒவ்வொரு குழாயின் அடியிலும் தேன். பூ தொங்கினாலும் காய் தொங்குவதில்லை. கருவுற்றதும் காம்பு மெல்ல நிமிர்ந்து, ஐந்து காய்களும் ஒரு கொத்தாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன. காய்ந்ததும் மேல்நுனியில் வாய் பிளக்கிறது. காற்று தண்டை ஆட்டும்போது விதை தெறித்து விழுகிறது. பறக்க இறக்கை கிடையாது, விலங்கின் மயிரில் ஒட்ட முள் கிடையாது, பறவையை அழைக்கச் சதையும் கிடையாது. அநேகமாகத் தாயின் காலடியிலேயே விழுந்து கிடக்கும்.

விழுந்த விதை முளைக்க என்ன வேண்டும் என்ற கேள்வியில்தான் எங்கள் ஊர்ப் பழக்கம் கவிழ்கிறது. யாழ்ப்பாணத்தில் விதையைக் காப்பது என்றால் ஈரத்திலிருந்து காப்பது. பூசணி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தார்கள். முற்றிய பயற்றங்காயைக் கொத்தோடு அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிட்டார்கள். மழை விழுந்தபின் மண்ணில் போட்டால் மூன்றாம் நான்காம் நாள் முளை தெரியும். கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கிற பெண்கள் நாளை எண்ணித்தான் தானியத்தைத் தூவுகிறார்கள். தானியமும் அவர்களை ஏமாற்றுவதில்லை. அந்தக் கணக்கோடு வந்த கைக்குக் கொலம்பைன் விதை உறையின் பின்பக்கக் குறிப்பு ஏதோ அச்சுப்பிழைபோலத் தோன்றும். ஈர மணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைக்கச் சொல்கிறது. விதை கெட்டுப்போக வழி எதுவோ அதையே முளைக்கும் வழியாகச் சொல்கிறது.

காரணம் விதைக்குள்ளே இருக்கிறது. காயிலிருந்து உதிரும் வேளையில் கொலம்பைன் விதையின் கரு வளர்ந்து முடிந்திருக்காது. விதையின் பெரும்பகுதி உணவுச் சேமிப்பு. அதன் ஒரு முனையில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவில் கரு. பயறு பிறக்கும்போதே இலையும் வேரும் மடித்து வைத்துக்கொண்டு தயாராக இருக்கிறது, நீர் பட்டால் விரிந்தால் போதும். கொலம்பைனோ விதைத்தோலுக்குள் இருந்தபடியே இன்னும் வளர வேண்டும். அந்த வளர்ச்சிக்கு ஈரம் தேவை, நாள்கள் தேவை. காய்ந்து உறங்கிப்போன விதையாக இருந்தால் அந்த உறக்கத்தைக் கலைக்கக் குளிரும் தேவை. காயிலிருந்து அப்போதே எடுத்த புது விதைக்கு இந்தக் கண்டிப்பு குறைவு. கோடையிலேயே தூவினால் சில நேரம் இலையுதிர் காலத்துக்கு முன்பே முளைத்துவிடும். கடையில் வாங்கும் விதை, உறைக்குள் எவ்வளவு காலம் கிடந்தது என்று தெரியாத விதை, அதுதான் பிடிவாதம் பிடிக்கும்.

ஜனவரியில் ரொறன்ரோவில் சில நாள்கள் பனி உருகி ஓடும். வெயில் அடிக்கும், ஆட்கள் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு நடப்பார்கள், காப்பிக்கடை வாசலில் நின்று பேசுவார்கள். அந்த வெயிலை நம்பி ஒரு விதை முளைத்தால் பெப்ரவரி அதைக் கொன்றுவிடும். பல்லாயிரம் தலைமுறைகளில் அப்படி நம்பிய விதைகளுக்கு வாரிசு இல்லாமல் போயிற்று. எஞ்சியவை, இன்றைய வெப்பத்தைப் பார்க்காமல் எவ்வளவு குளிர் கழிந்தது என்று பார்க்கிறவை. அதிலும் எல்லாம் ஒன்றாக எழுவதில்லை. ஒரே காயின் விதைகளில் சில இந்த வசந்தத்தில் வரும், சில அடுத்த வசந்தம்வரை மண்ணில் கிடக்கும். ஒரே நாளில் வயல் பச்சையாக வேண்டும் என்று விரும்பும் விவசாயி இப்படிப்பட்ட பயிரைக் கையால் தொடமாட்டார். மனிதன் பத்தாயிரம் ஆண்டுகளாக நெல்லிலும் கோதுமையிலும் தேர்ந்து தேர்ந்து ஒழித்தது இந்தத் தயக்கத்தைத்தான்.

வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. நிலம் உறைவதற்கு முன், ஒக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ, அகலத் தொட்டியில் மண்ணை நிரப்பி, விதையை மேலே தூவி, விரலால் லேசாக அழுத்தி, அப்படியே வெளியே வைத்துவிட வேண்டும். மண்ணால் மூடக்கூடாது, வெளிச்சம் பட வேண்டும். அணில் கிண்டாமல் இருக்க ஒரு கம்பிவலை. பிறகு பனி விழுந்து மூடினால் மூடட்டும். வெளியே இடம் இல்லாதவர்களுக்குத்தான் குளிர்பதனப் பெட்டி. மூன்று நான்கு வாரம் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள், பழைய விதைக்கு இன்னும் நீட்டச் சொல்கிறார்கள். தமிழ் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், இட்லி மாவுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் நடுவில், ஈரக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருள் வாரக்கணக்கில் யார் கையிலும் சிக்காமல் இருக்கும் என்று நம்புவதற்குத் தனி மனத்தைரியம் வேண்டும். எனக்குத் தொட்டிதான் சரி.

ஏப்ரலில் வருவது இரண்டு சின்ன வித்திலைகள். அடுத்து மூன்று மடலாகப் பிரிந்த இலை. அந்தப் பருவத்தில் கொத்தமல்லிக் கன்று என்று யாராவது கிள்ளிக்கொண்டு போனால் ஆச்சரியமில்லை. அந்த ஆண்டு முழுவதும் இலைதான். பூ வேண்டுமானால் செடி இன்னொரு குளிர்காலத்தைக் கடக்க வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. பல வகைகளில், கன்று மிகச் சிறியதாக இருக்கும்போது பட்ட குளிர் கணக்கில் சேராது. போதுமான இலைகள் வந்து செடி பருவத்துக்கு வந்த பிறகு படும் குளிரே பூமொட்டாக மாறும். இப்படி இரண்டு குளிர்காலம் காத்திருந்து பெறுகிற செடி எவ்வளவு காலம் வாழும் என்றால், மூன்று நான்கு ஆண்டுகள். அதற்குமேல் வாழ்ந்தால் அதிர்ஷ்டம்.

இந்தக் காத்திருப்பைச் சுருக்கி, குளிர் படாமலே முதல் ஆண்டில் பூக்கிற கலப்பினங்களை விதை நிறுவனங்கள் உருவாக்கிவிட்டன. ‘ஒரிகாமி’ வரிசை அப்படிப்பட்டது. நாற்றுப்பண்ணை நடத்துகிறவருக்குக் கண்ணாடிக்கூடத்தின் வாடகையும் எரிவாயுச் செலவும் இருக்கின்றன, அவரை நான் குறைசொல்லமாட்டேன். எனக்கு அதில் ஆர்வம் இல்லை, அவ்வளவுதான். விதைத்த ஆண்டிலேயே பூ வேண்டும் என்றால் செவ்வந்தியும் சீனியாசும் இருக்கின்றன.

ஆணிவேர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புலம்பெயர்ந்த தமிழர் செடியைப் பற்றி எழுதினால் மூன்றாவது பத்தியில் வேர் வந்துவிடும். கொலம்பைனுக்கு ஆணிவேர். வளர்ந்தபின் இடம் மாற்றினால் வாடும், கன்றிலேயே மாற்றினால் பிழைக்கும். இதை வைத்து எழுதக்கூடிய கட்டுரையை வாசகர்கள் ஏற்கெனவே பலமுறை படித்திருப்பார்கள். நான் அதைத் தாண்டிப் போகிறேன்.

என்னை இந்தச் செடியிடம் கட்டிவைத்திருப்பது வேறு. விதை உறையின்மேல் ஒரு பெயரும் ஒரு படமும் இருக்கின்றன. முதல் தலைமுறையில் படமும் பூவும் அநேகமாகப் பொருந்தும். அந்தப் பூவிலிருந்து விழுந்த விதை முளைத்துப் பூக்கும்போது படம் பொய்யாகத் தொடங்கும். மூன்றாம் தலைமுறையில், தோட்டத்தில் வேறு கொலம்பைன்களும் இருந்தால், எதை வாங்கி எதை வளர்க்கிறோம் என்றே சொல்ல முடியாது. நீளக் குழாயும் இரட்டை நிறமும் கொண்ட பெரிய பூக்களுக்காக ‘மக்கானா ஜயன்ட்’ விதை வாங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1955இல் அமெரிக்காவின் புதிய விதை வகைகளுக்கான ஆல் அமெரிக்கா பரிசைப் பெற்ற வகை அது. பல இனங்களைக் கலந்து செய்த கலவை. பக்கத்தில் ஐரோப்பியச் சாதாரணக் கொலம்பைன் இருந்தால், சில ஆண்டுகளில் குட்டைக் குழாயும் ஊதா நிறமுமாகப் படுக்கை முழுவதும் அதன் முகச்சாயலுக்கு வந்துவிடும். விதை கெட்டுப்போயிற்று என்பார்கள் தோட்டக்காரர்கள். விதை கெடவில்லை. தாய் யார் என்று நமக்குத் தெரியும், தகப்பனைத் தேர்ந்தது ஒரு பம்பிள் தேனீ.

குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது மலடு என்று படித்து வளர்ந்தவர்களுக்கு, வெவ்வேறு இனங்கள் கலந்தால் ஒன்று குட்டி பிறக்காது அல்லது பிறந்தது பெருகாது என்பதே விதி. கொலம்பைன் அந்த விதியை மதிப்பதில்லை. வடகோளத்தில் எழுபது அளவிலான இனங்கள் உள்ளன. நம் நாட்டுப் பக்கமாக என்றால் காஷ்மீரிலும் இமயத்தின் மேற்குச் சரிவுகளிலும் வாசனையுள்ள வெளிர்நிற இனம்கூட உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று கலக்கும், கலப்பில் பிறந்தவையும் வளமாக விதை தரும். காரணம் வயது. ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவி, சில மில்லியன் ஆண்டுகளுக்குள் அவசர அவசரமாகக் கிளைத்த கூட்டம் இது. பூவின் தோற்றம் பிரிந்த அளவுக்கு உள்ளே பிரிவு ஏற்படவில்லை.

அப்படியானால் காட்டில் அவை எப்படித் தனித்தனியாக இருக்கின்றன? இந்தக் கேள்வியை 1950களின் தொடக்கத்தில் தாவரவியலாளர் வெர்ன் கிராண்ட் கலிபோர்னியாவின் சியாரா நெவாடா மலையில் வைத்துக் கேட்டார். அங்கே கீழ்ச்சரிவுகளில் ஃபோர்மோசா என்ற இனம். சிவப்பு, தலைகீழ்ப் பூ, தேன் தேடி வருவது ரீங்காரச்சிட்டு. மேலே மரங்கள் முடிகிற உயரத்தில் பியூபெசென்ஸ் என்ற இனம். வெளிறிய நிறம், நிமிர்ந்த பூ, நீண்ட குழாய், அந்தி சாய்ந்தபின் நீள நாக்கோடு வருகிற அந்துப்பூச்சி. இரண்டுக்கும் நடுவே உள்ள சுவர் உடலுக்குள் இல்லை, வருகிற விருந்தாளிகளில் இருக்கிறது. 1999இல் மிஷெல் ஃபுல்டனும் ஸ்காட் ஹாட்ஜஸும் ஒரு எளிய காரியம் செய்தார்கள். நிமிர்ந்து நிற்கும் பியூபெசென்ஸ் பூவைத் தலைகீழாகத் தொங்கும்படி கட்டிவிட்டார்கள். அந்துப்பூச்சிகளின் வருகை வெகுவாகக் குறைந்தது. தேன்குழாயைச் சுருக்கிப் பார்த்தபோது வருகை குறையவில்லை, ஆனால் பூச்சி மகரந்தத்தை எடுத்துச் செல்வது குறைந்தது. ஒரு பூ எந்தப் பக்கம் பார்க்கிறது, அதன் குழாய் எத்தனை விரற்கடை என்பதில் ஓர் இனத்தின் தனித்தன்மை தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு இனங்களும் சந்திக்கும் இடை உயரங்களில், இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக, பாதி சாய்ந்த தலையோடு, கலப்புச் செடிகள் காட்டிலேயே நிற்கின்றன.

இந்த ஆய்வுகளைப் படித்தபின் தோட்டத்தில் நடக்கும் கலப்பைக் கேடு என்று பார்க்க என்னால் முடியவில்லை. நாம் செய்தது, மலை உயரமும் இரவு பகலும் பிரித்து வைத்திருந்தவற்றை நாலடி அகலப் படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் நட்டது. மற்றதைத் தேனீ செய்கிறது. சில குட்டை நாக்குத் தேனீக்கள் வாசல்வழியே வரக்கூட மெனக்கெடுவதில்லை. குழாயின் பின்பக்கத்தைக் கடித்துத் துளையிட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடுகின்றன. 

குழாயின் கதைக்குள் டார்வினும் வருகிறார், அவருடைய பேத்தியும் வருகிறார். 1862இல் மடகாஸ்கரின் ஓர் ஓர்க்கிட் பூவில் ஏறத்தாழ ஓர் அடி நீளத் தேன்குழாயைப் பார்த்த டார்வின், அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அங்கே இருந்தாக வேண்டும் என்று எழுதினார். 1903இல் அந்தப் பூச்சிக்குப் பெயரிட்டார்கள். பூவின் குழாய் நீள, பூச்சியின் நாக்கு நீள, மறுபடி குழாய் நீள என்று இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வளர்ந்தன என்பது அவர் விளக்கம். கொலம்பைனில் நடந்தது கொஞ்சம் வேறு என்று 2007இல் ஜஸ்டின் விட்டாலும் ஹாட்ஜஸும் ‘நேச்சர்’ இதழில் வாதிட்டார்கள். தேனீயிலிருந்து ரீங்காரச்சிட்டுக்கும், சிட்டிலிருந்து அந்துப்பூச்சிக்கும் ஓர் இனம் மாறுகிற தருணங்களில் குழாய் சட்டென்று நீள்கிறது. நடுவில் நீண்ட காலம் சும்மா இருக்கிறது. விருந்தாளி மாறியதும் வீட்டை இடித்துக் கட்டுகிற கதை. அந்த நீட்டத்துக்கும் அதிகச் செலவு இல்லை. ஹார்வர்டில் எலனா கிரேமரும் கூட்டாளிகளும் 2012இல் காட்டியபடி, சின்னக் குழாய்க்கும் நீளக் குழாய்க்கும் உள்ள வேறுபாடு செல்களின் எண்ணிக்கையில் இல்லை; இருக்கிற செல்களே எவ்வளவு இழுபட்டு நீள்கின்றன என்பதில் இருக்கிறது. அமெரிக்கத் தென்மேற்கிலும் மெக்சிக்கோவிலும் உள்ள லாஞ்சிசிமா என்ற மஞ்சள் இனத்தில் குழாய் பத்து சென்ரிமீற்றரைத் தாண்டிப் போகிறது.

பேத்தி நோரா பார்லோ. 1885இல் பிறந்து 1989இல் இறந்தவர். கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சனிடம் மரபியல் படித்தவர். தாத்தாவின் தன்வரலாற்றை முதலில் வெளியிட்டபோது குடும்பத்தார் மதம் பற்றியும் மனிதர்களைப் பற்றியும் அவர் எழுதியிருந்ததில் நிறைய வெட்டியிருந்தார்கள். வெட்டியவற்றை மீண்டும் சேர்த்து 1958இல் முழுப் பதிப்பாகக் கொண்டுவந்தவர் நோராதான். அவர் தோட்டத்தில் ஒரு விநோதக் கொலம்பைன் இருந்தது. அடுக்கு இதழ், இளஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளையும் பச்சையும்; தேன்குழாய் அறவே கிடையாது. நாற்றுப்பண்ணையாளர் ஆலன் புளூம் அதை வாங்கிப் பரப்பி ‘நோரா பார்லோ’ என்று பெயரிட்டார். பூ புதியது இல்லை. இதைப் போன்ற குழாயற்ற அடுக்குப் பூக்கள் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தோட்டங்களிலேயே இருந்தன. ஆனாலும் நீளக் குழாயைப் பார்த்து ஒரு பூச்சியை ஊகித்தவரின் பேத்தி பெயர் குழாயில்லாத பூவுக்குப் போய்ச் சேர்ந்ததில் எனக்கு ஒரு சிறு குறும்பு தெரிகிறது. இன்னொன்று, விதையிலிருந்து வளர்க்கும்போது பெயருக்கு ஓரளவு விசுவாசமாக வருகிற வெகுசில கொலம்பைன்களில் ‘நோரா பார்லோ’வும் ஒன்று.

குழாயற்ற பூவைத் தோட்டக்காரரின் செல்லக் குறை என்று ஒதுக்கிவிடலாம் என்றால், காடு அதையும் மறுக்கிறது. கொலராடோவின் ஒரு மலைப்பகுதியில் உள்ள காட்டுக் கொலம்பைன் கூட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செடிகளுக்கு அல்லி இதழும் இல்லை, குழாயும் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு சுற்றுப் புல்லி இதழ். ஒற்றை மரபணு செயலிழந்ததன் விளைவு. தேன் இல்லாத பூ அழிந்துபோயிருக்க வேண்டும் என்றுதான் எவரும் சொல்வார்கள். 2022இல் வெளியான ஆய்வில் ஹாட்ஜஸ் குழுவினர் கண்டது, மானும் அசுவினியும் அந்தப் பூக்களை அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது. தேனீயிடம் இழந்ததை மானிடம் ஈடுசெய்து அது நின்றுவிட்டது.

அந்தக் கொலராடோவுக்குக் கொலம்பைன்தான் மாநிலப் பூ. 1820இல் ஸ்டீபன் லாங்கின் பயணக்குழுவில் போன எட்வின் ஜேம்ஸ் நீலமும் வெள்ளையுமான அந்தப் பூவை ராக்கி மலையடியில் கண்டு பதிந்தார். 1899இல் மாநிலப் பூ ஆக்கினார்கள். மக்கள் அதைக் கூடை கூடையாகப் பறித்தும் வேரோடு பிடுங்கியும் தீர்த்துவிடுவார்கள் என்ற நிலையில் 1925இல் ஒரு சட்டம் வந்தது. பொது நிலத்தில் பிடுங்கக் கூடாது. ஒருவர் ஒரு நாளில் இருபத்தைந்துக்கு மேல் தண்டோ மொட்டோ பூவோ எடுக்கக் கூடாது. இப்போது உலகத்தில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயர் பூவைக் குறிப்பதில்லை. பூவின் பெயரை ஒரு குடியிருப்பு எடுத்துக்கொண்டது, குடியிருப்பின் பெயரை ஒரு பள்ளி எடுத்துக்கொண்டது, 1999 ஏப்ரல் 20க்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ரொறன்ரோவில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் கொலம்பைன் விதைத்தேன் என்று சொன்னால் ஒரு கணம் பேச்சு நிற்கும்.

கலப்பைப் பற்றி நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை நானே அடைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் வாரப் பத்திரிகையில் மணமக்கள் தேவை பக்கத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு குலமும் ஊரும் விசாரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காத ஒரு செடியின்மேல் பிரியம் வருவது எளிது. அந்தப் பிரியத்தில் எல்லாக் கலப்பும் நல்லது என்று எழுதிவிடவும் எளிது. செடிக்கு அந்த அரசியல் தெரியாது. ஒன்ராறியோவின் சிவப்புக் கொலம்பைன், மே மாதம் மத்திய அமெரிக்காவிலிருந்து திரும்பிவருகிற ரீங்காரச்சிட்டுக்கு வேளையோடு கிடைக்கிற தேன்களில் ஒன்று. இந்த இலையைத் தின்று வாழ்கிற ஒரு பழுப்பு நிறச் சிறு வண்ணத்துப்பூச்சியும் இங்கே உண்டு. அதன் புழு இலையை மடித்துக் கட்டி உள்ளே இருக்கும். பாறையோரத்துக் காட்டுக் கூட்டத்துக்கு அருகில் ஐரோப்பிய ஊதாக் கொலம்பைனை நட்டால், தேனீ இரண்டுக்கும் போய்வரும், சில தலைமுறைகளில் அந்தக் கூட்டம் என்னவாகும் என்று யூகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சியாரா நெவாடாவில் கலப்பு மலையின் நடு உயரத்தில், அதன் ஓர் ஓரமாக நடக்கிறது. மேலும் கீழும் தத்தம் விருந்தாளிகளோடு இரண்டு இனங்களும் தொடர்கின்றன. தோட்டத்திலிருந்து தப்பிப்போகும் விதை அப்படி ஓர் ஓரத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே என் நடைமுறை முரணானது. நகரத்துக்குள்ளே, நாலு பக்கமும் மதிலும் கார்த்தரிப்பிடமும் உள்ள தோட்டத்தில் எது எதோடு கலந்தாலும் நான் பிடுங்குவதில்லை. பெயருக்குப் பொருந்தாததை முதல் பூவிலேயே பிடுங்கி எறிகிற தோட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் படுக்கை அழகாகத்தான் இருக்கிறது, படத்தில் உள்ளபடியே இருக்கிறது. மலைமுகட்டுப் பக்கம் வீடு உள்ள நண்பர்கள் கேட்டால் என் தோட்டத்து விதையைக் கொடுப்பதில்லை. உள்ளூர்ச் செடிகளை மட்டும் வளர்க்கிற நாற்றுப்பண்ணையில் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அங்கே சுத்தம் பார்க்கிறேன், இங்கே பார்க்கவில்லை என்று யாராவது கேட்டால், ஆமாம்.

இலைச்சுரங்கப் பூச்சி பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஜூனில் இலையில் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடியிருக்கும். இலைக்குள் புழு தின்றுகொண்டு போன தடம். செடிக்கு அதனால் பெரிய சேதம் இல்லை. பிரித்தானியாவில் வந்தது அப்படிப்பட்டதில்லை. 2013க்குப் பின் அங்கே பரவிய ஓர் அடிச்சாம்பல் நோய் செடியோடு முடித்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான வகைகள் சேர்த்து வைத்திருந்த தேசியத் தொகுப்பொன்றையே மூட வேண்டியதாயிற்று. அந்த நோய்க்குத் தாக்குப்பிடிக்கும் செடி எங்காவது இருந்தால், அது பெயர்ப்பலகை வைத்த வகைகளுக்குள் இருக்கும் என்பதைவிட, யாரும் பெயர் வைக்காத கலப்பு நாற்றுகளுக்குள் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தோன்றுகிறது.

ஜூலையில் காய் பழுப்பாகி வாய் திறக்கும். தண்டோடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகப் பிடித்து ஆட்டினால் விதை சலசலவென்று கொட்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாழ்ப்பாணத்து அடுப்பங்கரை இங்கும் செல்லும். கேட்பவர்களுக்குப் பழைய கடித உறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கொடுக்கிறேன். என்ன நிறம் பூக்கும் என்று கேட்கிறார்கள். தாயின் நிறத்தை மட்டும் உறைமேல் எழுதுகிறேன், பக்கத்தில் ஆண்டு. பின்பக்கம் பெரிய எழுத்தில், நவம்பரில் தூவவும், மண்ணால் மூட வேண்டாம். வசந்தத்தில் தொலைபேசியில் அழைத்து ஒன்றுமே முளைக்கவில்லை என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மூடினீர்களா என்பதைத்தான். பெரும்பாலும் மூடியிருப்பார்கள், அதுவும் நல்ல எருமண்ணாகப் பார்த்து.